மந்திரிக்கப்படாத மண்

லண்டனில் மேற்படிப்புக்காகத் தங்கியிருந்த நாட்களில், வெளியூர்க்காரர் கூட்டம் மொய்க்கும் இடங்களை விடுத்து, தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியின் சந்துகளில் கால் போன போக்கில் நடப்பது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாயிருந்தது. அப்படியொரு நாள், பரோ சந்தையின் இரைச்சலைக் கடந்து ரெட்கிராஸ் வே என்னும் தெருவில் திரும்பியபோது, இரும்புக் கதவொன்று ரிப்பன்களாலும் வாடிய மலர்களாலும் முழுவதும் மூடிக் கிடக்கக் கண்டேன்.

கதவுக்கு அப்பால் கிராஸ் போன்ஸ் என்னும் பழைய இடுகாடு. 1598-இல் லண்டனைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஸ்டோ, இப்பகுதியின் பொதுமகளிருக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டு, கோயிலுக்குத் தொலைவில் தனி நிலம் ஒதுக்கப்பட்டிருந்ததாக முதியோர் சொல்லக் கேட்டதைக் குறித்திருக்கிறார்; அந்த நிலமே இது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அப்பெண்களின் விடுதிகளோ வின்செஸ்டர் ஆயரின் ஆளுகைக்குட்பட்ட நிலத்திலேயே இருந்தவை; ஊரார் அவர்களை வின்செஸ்டர் வாத்துகள் என்றே அழைத்தனர். வாழுங்காலத்தில் அவர்களைத் தன் ஆளுகையில் வைத்துக்கொள்ளக் கூசாத அதிகாரம், செத்தபின் மந்திரித்த மண்ணில் ஆறடி தர மறுத்தது என்பதை எண்ணுகையில் இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது. பிற்காலத்தில் ஏழைகளின் இடுகாடாகி, இனி இடமில்லை என்னுமளவு நிறைந்து, 1853-இல் அது மூடப்பட்டது. 1990-களில் சுரங்க ரயில் பணியின்பொருட்டு அகழ்ந்தபோது 148 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பல பச்சிளம் சிசுக்களுடையவை.

ஒரு நிலத்துக்குப் பவித்திரம் எங்கிருந்து வருகிறது? குருவானவர் தீர்த்தம் தெளித்து ஜபிப்பதனாலா? அப்படியானால் அதே குரு மறுத்துவிட்ட மண்ணில் ஈசுவர சாந்நித்தியம் இல்லையென்றாகும். எங்கும் நிறைந்தவன் என்று நாம் பரம்பொருளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வேலியோடு நின்றுவிடும். இதை நான் அந்நியரின் குற்றமாக மட்டும் எழுதவில்லை. சாதிக்கொரு சுடுகாடும், பிணம் போகத் தனித்தனிப் பாதையும் வைத்த ஊரில் பிறந்தவன் நான்.

கதவருகே நெருங்கி நின்றேன். வெளிறிய நீல ரிப்பன் ஒன்றில், மழையில் மை கரைந்தும் எழுத்துத் தெரியும்படி, ஒரு பெண்ணின் பெயரும் அதனடியில் ஓர் ஆண்டும் இருந்தன; முடிச்சு அவிழாதபடி மும்முறை இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியவருக்கும் அவளுக்கும் உறவேதும் இருந்திருக்க வழியில்லை. ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதி மாலையில், இப்படி முகமறியாதவருக்காக முகமறியாதவர் இங்கே கூடி நினைவு கூர்கிறார்கள். பிற்காலத்தில் சதர்க் பேராலயத்துக் குருமாரும் வந்து, பழைய புறக்கணிப்புக்கு வருந்தி வழிபாடு செய்திருக்கின்றனர். அது நல்ல செயல், வணங்கத்தக்க செயல். ஆனால் அன்றுதான் அம்மண் புனிதமடைந்தது என்று என்னால் ஒப்ப முடியாது. அவர்கள் வந்து சேருமுன்பே அது புனிதமாயிருந்தது. அதைக் கண்டுகொள்ளத்தான் அவர்களுக்கு இத்தனை காலம் தேவைப்பட்டது.

திரும்புகையில் கிளிங்க் தெரு வழியாக நடந்தேன். அந்த ஆயர்கள் வாழ்ந்த மாளிகையின் ஒற்றைச் சுவர், ரோஜா வடிவச் சாளரத்தோடு, கூரையின்றி நின்றது. சாளரத்தின் கல் வளையங்களூடே வானம் தெரிந்தது. அங்கே ரிப்பன் எதுவும் கட்டியிருக்கவில்லை.