வாவிக்கரையில் ஒரு வீடு

கனடாவில் வாழும் நண்பரொருவர் கடிதத்தோடு ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். ரொறன்ரோ நகரின் கிழக்குப் புறத்தில், சாளரத்தைத் திறந்தால் ஒன்ராறியோ ஏரி தெரியும் புதிய வீடு. அடுப்பில் பால் பொங்குகிறது. சுற்றிலும் உறவினர் நிற்கின்றனர். "இத்தனை வருட அலைச்சலுக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தபடி ஓரிடத்தில் அமர்ந்துவிட்டோம். இனி இதுதான் நம் ஊர்" என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியோடுதான் படித்தோம். ஆயினும் அந்தக் கடைசி வாக்கியம் நம்மை விடுவதாயில்லை. ஓர் ஊர் நம் ஊராவது எப்பொழுது? காசு கொடுத்து உறுதி முடித்த அன்றா? முதற் பிள்ளை அங்கே பிறந்த அன்றா? அல்லது அயலவன் நம்மை இன்னான் மகன் என்று பெயர் சொல்லி அழைக்கும் அன்றா?

இதை ரொறன்ரோவில் வைத்து ஆராய்வதற்கு நாம் தகுதியுடையோர் அல்லோம். கடல் கடந்து வந்து நீர்க்கரையில் குடியேறிய மக்களின் ஊரொன்று நமது கொழும்பிலேயே, பேர வாவியின் ஓரத்தில் இருக்கிறது. அது கொம்பனித்தெரு.

ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைக்குள்ளே எசமானர்களின் வீடுகளில் உழைத்த அடிமைகள் இரவில் அடைத்துவைக்கப்பட்ட இடம் இது. தென்னிந்தியக் கரைகளிலிருந்தும், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும், ஆபிரிக்காவிலிருந்தும் கப்பல்களில் அவர்கள் கொண்டுவரப்பட்டனர். வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பது வழிவழியாக வரும் கதை. முதலை இருந்ததோ இல்லையோ, தண்ணீர் இருந்தது. நமது நண்பரின் சாளரத்தில் தெரிவதுபோல அவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது. அவர்களுக்கு அது மதில்.

இவ்வூரின் பெயரை நாம் அன்றாடம் உச்சரிக்கிறோம், சிந்திப்பதில்லை. ஆங்கிலேயர் இதனை 'அடிமைத் தீவு' என்றனர். தமிழிலும் சிங்களத்திலும் 'கொம்பனி'யின் தெரு என்பதே வழக்கு. அந்தக் கொம்பனி வணிகக் கொம்பனியா, இங்கே பாசறை கொண்டிருந்த படைப்பிரிவா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எதுவாயினும் விளைவு விசித்திரமானது: அந்நியன் மொழி அடிமையை நினைவிற் கொண்டது, மண்ணின் மொழிகள் இரண்டும் ஆண்டவனின் கொம்பனியை நினைவிற் கொண்டன. அண்மையில் ஆங்கிலத்திலும் கொம்பனித்தெரு என்றே வழங்கவேண்டுமென அரசு முடிவு செய்தது. இழிவான பெயர் நீங்கியது நன்றே என்பர் பலர். நமக்கோ மனம் முழுதும் ஒப்பவில்லை. அடிமை வாழ்ந்தான் என்பதற்கு இருந்த ஒரே பலகையும் இறங்கிவிட்டது. கொம்பனி மட்டும் மூன்று மொழிகளிலும் நிலைபெற்றுவிட்டது.

அடுத்து வந்தோர் மலாயர். அரசியற் கைதிகளாகவும் சிப்பாய்களாகவும் ஒல்லாந்தர் அவர்களைக் கொணர்ந்தனர். 1708இல் ஜாவாவின் அரசன் மூன்றாம் அமங்குராத்தே இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டான். பின்பு பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையில் மலாயர் பெருந்தொகையாகச் சேவித்தனர். 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. சீருடை போயிற்று, திரும்பிச் செல்ல ஊரும் இல்லை. ஆனால் அதற்குள் இவ்வாவிக்கரை அவர்களது ஊராகிவிட்டிருந்தது. பண்டான் பாலி என்ற ஜாவாக்காரர் 1786இல் நிலமளித்து எழுப்பிய வேகந்தைப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மணி ஒலிக்கிறது.

இலங்கை மலாயரின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? சொற்கள் மலாய்ச் சொற்கள். ஆனால் வினை வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிடுகிறது. வேற்றுமை உருபுகள் நம் மொழியிற்போலப் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொள்கின்றன. எந்தச் சட்டமும் இதைக் கட்டளையிடவில்லை. கிணற்றடியிலும் கடைவாசலிலும் தமிழ் பேசுவோரோடும் சிங்களம் பேசுவோரோடும் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி, வாக்கியத்தின் எலும்பே மாறியிருக்கிறது. கொடுக்கல் ஒருபக்கமாகவும் நிற்கவில்லை. ரம்புட்டான் என்று நாம் சொல்லும்போது மலாய் பேசுகிறோம். குடியேறுதல் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்றுபத்திரத்தை எந்தக் கச்சேரியும் வழங்க இயலாது.

தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1795இல் 'நிரந்தர சமாதானம்' பற்றி எழுதிய நூலில் இக்கேள்வியைத் தொடுகிறார். பூமி உருண்டையானது, மனிதர் எல்லையின்றிச் சிதறிப் போய்விட முடியாது, ஆகவே ஒருவரையொருவர் சகித்தே ஆகவேண்டும். அந்நிய மண்ணில் கால் வைப்பவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவன். ஆனால் உடன்பாடின்றி அங்கேயே குடியிருந்துவிடும் உரிமை அவனுக்கில்லை என்பது அவர் வாதம். வாணிபம் என்ற பெயரில் பிறர் நாட்டை விழுங்கிய ஐரோப்பியரைக் கண்டித்தே அவர் அவ்வரம்பை விதித்தார். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்புக் கோட்டை ஒரு கொம்பனியிடமிருந்து மற்றொரு கொம்பனியிடம் கைமாறியது என்பது வரலாற்றின் கேலி.

காண்டின் வரம்பு கொள்ளைக்காரனைத் தடுக்க எழுந்தது. கப்பலின் அடித்தட்டில் கட்டிக் கொண்டுவரப்பட்டவனுக்கு அது என்ன சொல்லும்? அவன் விருந்தினனும் அல்லன், படையெடுத்தவனும் அல்லன். இன்னொருவனின் இலாபத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட உழைப்பு அவன். மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலையும் இதுவே. காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வளர்த்தவர்களின் பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. 1964இல் இரு பிரதமர்கள் அமர்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தனர். எஞ்சியிருந்தோர்க்கு 2003இலேதான் சட்டம் வழிவிட்டது.

ஆகவே உழைப்பே உரிமையின் ஊற்று என்று முற்போக்காளர் நாம் சொல்லிவந்திருக்கிறோம். அது உண்மை; முழு உண்மையன்று. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், நகரில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அவர்களுள் பலர் கொழும்புக்கு அண்மையில் வந்தவர்கள். இந்நகரை அவர்கள் உழைத்துக் கட்டவில்லை. அதனால் விரட்டலாமா? கூடாது. தலைக்குமேல் ஒரு கூரை கேட்பதற்கு எவனும் தன் பரம்பரையை ஒப்புவிக்க வேண்டியதில்லை. 'இது நமது' என்று சொல்வதோ வேறு காரியம். அதற்கு நமக்கு முன்னே அங்கிருந்தவனின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை இன்று கொம்பனித்தெருவில் யார் கேட்கிறார்கள்? 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டு மே மாதம் இங்குள்ள மியூஸ் வீதியில் சுமார் இருபது வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா ஒழுங்கைக் குடும்பங்களும் பெயர்க்கப்பட்டன. இப்போது வாவிக்கரையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததுபோல் அல்டெயர் கோபுரம் எழுந்து நிற்கிறது. அதனை வரைந்த மோஷே சாஃப்டி, 1967இல் மொன்றியலில் சாமானியருக்கும் வெளிச்சமும் தோட்டமும் கிடைக்கவேண்டும் என்ற கனவோடு குடியிருப்பொன்றை அமைத்துப் புகழ்பெற்றவர். கனவுகளும் இடம்பெயர்கின்றன போலும்.

சேரி ஒழியவேண்டாமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பர். ஒழியவேண்டும். ஒழுகும் தகரக் கூரையில் கவிதை காண்போர் அதன்கீழ் ஒரு மழைநாள் படுத்துப் பார்க்கட்டும். ஆனால் ஒழுங்கையின் வீடு வெறும் வீடன்று. காலையில் வாசற்படியில் இடியப்பம் விற்ற பெண்ணுக்கு அதுவே கடை. தையற்காரனுக்கு அதுவே பட்டறை. பன்னிரண்டாம் மாடிக்கு யார் ஏறி வந்து இடியப்பம் வாங்குவார்? நமக்கு அறிமுகமான மலாய் மூதாட்டி ஒருவர் நகரின் மறுகோடியில் தொடர்மாடியொன்றில் இருக்கிறார். குழாயைத் திறந்து காட்டினார். "மகன், இங்க தண்ணி நல்லா வருது. மனிசர்தான் வாறதில்ல" என்றார்.

இவ்வளவும் சொல்லும்போது நம் கை சுத்தமா என்றும் பார்க்கவேண்டும். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அடிமைகளை வைத்திருந்தோர் ஒல்லாந்தர் அல்லர், நாமே. கோவியரும் நளவரும் பள்ளரும் யாருடைய நிலத்தில் யாருடைய அடிமைகளாக இருந்தனர் என்பதற்குப் பதிவேடுகள் உண்டு. அவர்கள் கப்பலேறி வந்தவர்களும் அல்லர். சட்டம் விடுவித்து நூற்றிருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே நுழையப் போராட நேர்ந்தது. கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழக்கியவர்களும் அன்று கதவைச் சாத்துவோர் பக்கம் நின்றனர்.

நண்பருக்குப் பதில் எழுதினோம். வாழ்த்தினோம், மனமார வாழ்த்தினோம். அவர் வீட்டைச் சுற்றிய மண் மிசிசாகா என்னும் ஆதிகுடிகளோடு தொடர்புடையது. ரொறன்ரோ நிலத்தை அவர்களிடமிருந்து 1787இலும் 1805இலும் எழுதிவாங்கிய முறை நேர்மையற்றதென்ற வழக்கு, 2010இலேதான், கனடிய அரசு 145 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டதோடு முடிந்தது. மியூஸ் வீதி வீடுகள் இடிந்த அதே ஆண்டு. இதனையும் எழுதி, அந்த ஏரியில் முன்பு தண்ணீர் மொண்டவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரையேனும் சந்தித்ததுண்டா என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. கேள்வியை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறோம்; 2007 ஜூனில் அந்த பஸ்களில் ஒன்றில் அவருடைய தம்பியும் இருந்தார்.