தார் யார் சுற்றுவது?

வந்தவாசியில் எங்கள் வீட்டில் ஒரு பட்டுத் தறி இருந்தது. அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். அம்மா திண்ணையில் ராட்டையை வைத்துத் தார் சுற்றுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டுவேன். 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' தொடரை யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்திருந்த பிரதி அது. புத்தகம் படிக்கிற, பேசுகிற இயந்திர நாய் ஜீனோவை அம்மாவுக்கும் பிடித்துப்போனது. ஒருநாள் கேட்டாள்: "எல்லாஞ் சரி, அந்தக் காலத்துல தாரு யாரும்மா சுத்துவாங்க?"

அன்று சிரித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சுஜாதா என்பது எழுத்தாளர் ரங்கராஜனின் மனைவி பெயர். அங்கே பெயர் பெண்ணுடையது, எழுத்து ஆணுடையது. எங்கள் வீட்டிலோ உழைப்பு இருவருடையது, கூலிப் புத்தகத்தில் பெயர் அப்பாவுடையது மட்டும். புடவைக்குத்தான் கூலி. தார் சுற்றுவது 'கூடமாட ஒத்தாசை'.

அம்மாவின் கேள்வியோடு பழைய அறிவியல் கதைகளைத் திரும்பப் படித்தேன். 1870இல் ஜூல் வெர்ன் கடலுக்கடியில் ஓட்டிய நாட்டிலஸ் கப்பலில் ஒரு பெண்கூட இல்லை. விருந்து உண்டு, சமைத்தவருக்குப் பெயரில்லை. எதிர்காலத்தையே புதிதாகக் கற்பனை செய்தவர்களால் அடுப்படியை மட்டும் ஏன் கற்பனை செய்ய முடியவில்லை? நம்மைக் கணக்கில் சேர்க்காத கதையை நேசிப்பது நமக்கு நாமே செய்யும் துரோகமா?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' கைக்கு வந்தது. வங்கத்துப் பெண், எழுதியது ஆங்கிலத்தில். 1905இல் அதை வெளியிட்டது சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகஸின். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் அச்சான கதை எனக்கு வந்து சேர இத்தனை வருடமா என்று ஆத்திரமாக வந்தது. அந்த நாட்டில் சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, புகையில்லை. சமைப்பதும் பிள்ளை பார்ப்பதும் வீட்டுக்குள் அடைபட்ட ஆண்கள். அம்மாவின் கேள்விக்கு ரொக்கேயா எப்போதோ பதில் எழுதிவிட்டிருந்தார்.

ஆனால் அடைபடும் ஆளை மாற்றினால் அது நீதியா? இல்லை. அதை ஒரு திட்டமாக வாசித்தால் எனக்கும் சம்மதமில்லை. ஆண்களை அடைத்த கதையைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. பெண்களை அடைத்த நிஜத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, அது இயல்பு என்றார்கள். இயல்பென்றால் திருப்பிப்போட்டதும் ஏன் வேடிக்கையாகிறது? அதைக் காட்டத்தான் அந்தக் கதை.

பழைய கதைகளை நான் கைவிடவில்லை. உலகம் இப்படியேதான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று எனக்கு முதலில் சொன்னவை அவைதாம். அந்தப் பாடத்தை அவற்றின் மீதே திருப்பிப் பார்ப்பது துரோகமல்ல. நேசிக்கிறவளுக்குத்தான் அப்படிக் கேட்க உரிமை அதிகம்.

இன்று தார் சுற்ற மோட்டார் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த இழையை முடிபோடுகிறவள் இன்னும் பெண்தான். அவளுக்கென்று தனிக்கூலி இன்னும் எழுதப்படவில்லை.