அந்தப் பிள்ளை ஓட்டுக் கேட்கவில்லை

1992 டிசம்பர். அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில், அதிபராகத் தேர்வாகியிருந்த பில் கிளிண்டனின் மகள் செல்சியின் தோற்றத்தைக் கேலி செய்தார்கள். அவளுக்கு வயது 12. கண்டனம் எழுந்ததும் மறுஒளிபரப்பில் அந்த வரிகளை வெட்டினார்கள். அதில் நடித்த மைக் மயர்ஸ் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

2017 ஜனவரியில், டிரம்ப் அதிபராகப் பதவியேற்ற நாளில், அவருடைய 10 வயது மகன் பாரனை ட்விட்டரில் சீண்டினார் அதே நிகழ்ச்சியின் எழுத்தாளர் ஒருவர். அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அப்போது பாரனுக்காகப் பரிந்து பேசியவர்களில் செல்சியும் ஒருவர். அதற்குச் சுமார் இரண்டரை மாதங்களுக்கு முன்புதான் அவருடைய தாய் ஹிலாரியைத் தேர்தலில் தோற்கடித்திருந்தார் டிரம்ப்! எவ்வளவு பெரிய மனம்!

ஆட்சியில் இருப்பவரை நையாண்டி செய்வது மக்களின் உரிமை. அதில் எள்ளளவும் குறையக் கூடாது. வளர்ந்து, பதவிக்கு வரும் வாரிசுகளையும் விடவேண்டியதில்லை. ஆனால் பள்ளி செல்லும் பிள்ளையின் முகத்தையும் உடலையும் கேலி செய்வது அரசியல் விமர்சனமே அல்ல. அப்படியொரு மீம் உங்கள் கைபேசிக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.