அடுத்த கத்தி

சேகரிக்கிறவனுக்கு மிகவும் பிடித்த பொருள் அவனிடம் இருக்கும் பொருள் அல்ல; அடுத்தாற்போல் வரப்போகிற பொருள்தான். தபால்தலை சேர்க்கிறவர்களும் பழைய நாணயம் சேர்க்கிறவர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். வந்து சேர்ந்துவிட்டதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. அதோடு அதன் மேலிருந்த மோகம் பாதி தணிந்துவிடுகிறது. இன்னும் வராதது இருக்கிறதே, அதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் சேகரிப்பது மடக்குக் கத்தி. எழுத்தாளனுக்குக் கத்தி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இறகைச் சீவிப் பேனா செய்துகொண்ட காலத்தில் எழுதுகிறவன் மேஜையில் ஒரு சின்னக் கத்தி கட்டாயம் இருக்கும். இறகு போய்விட்டது, பேனாக்கத்தி என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பழைய உறவைச் சாக்காகச் சொல்லி இதுவரை 23 கத்திகள் சேர்த்துவிட்டேன். "இத்தனை கத்தி இருந்து என்ன பிரயோசனம்? ஒரு எலுமிச்சம்பழம் நறுக்க ஒன்று உண்டா இந்த வீட்டில்?" என்று என் மனைவி கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் இருபத்து நாலாவதாக எதை வாங்குவது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

முதலில் சுலபமான விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பிரான்ஸ் தேசத்தில் சவாய் என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே 1890-ல் ஜோசப் ஒபினெல் என்பவர் மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். ஆடம்பரம் இல்லாத, குடியானவர்களுக்கு ஏற்ற கத்தி. 1897-ல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டுப் பன்னிரண்டு அளவுகளில் அதைக் கொண்டுவந்தார்கள். 1935-ல் 1-ஆம் நம்பரையும் 11-ஆம் நம்பரையும் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் 6 இருக்கிறது, 8 இருக்கிறது. நடுவில் 7 இல்லை. எட்டாம் நம்பர் செய்ய முடியாத வேலை எதையும் ஏழாம் நம்பர் செய்துவிடப் போவதில்லை. ஆனாலும், விழுந்த பல்லின் இடத்தை நாக்கு ஓயாமல் துழாவுகிற மாதிரி, மனசு அந்த ஏழிலேயே போய் நிற்கிறது. இதை ஆசை என்று சொல்வதுகூட அதற்கு அதிக மரியாதை. கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பழக்கம், அவ்வளவுதான். அந்தக் காரணத்துக்காகக் கத்தி வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் வேறு எந்தக் காரணத்துக்காக வாங்கலாம்? இங்கேதான் ஔவையார் வருகிறார்.

அதியமான் நெடுமான் அஞ்சிக்காக அவர் தொண்டைமானிடம் தூது போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தொண்டைமான் தன் ஆயுத சாலையைப் பெருமையோடு காட்டுகிறான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அப்போது பிறந்தது. உன்னுடைய ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக்கொண்டு, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல் இகழ்ந்தார் என்று வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கேட்டபோது நாமெல்லோரும் சிரித்திருக்கிறோம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நெய்க்குப் பதிலாக மெஷின் எண்ணெய் என்பதைத் தவிர, தொண்டைமானின் சாலைக்கும் என் மேஜை அறைக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் நிதானமாக யோசித்தால் தொண்டைமான் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அதியமானின் வேல்கள் முறிந்தது எதில்? மனித உடம்பில். காஞ்சியில் ஒரு வேல் நெய் பூசிக்கொண்டு சும்மா கிடந்தது என்றால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தான் என்றுதானே அர்த்தம்? ஆகவே ஒரு கத்தி சும்மா கிடப்பது நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. அது வேலை செய்தால் என்ன வேலை செய்திருக்கும் என்று கேட்க வேண்டும்.

ராம்பூர்க் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் முன்பு நவாபுகள் ஆண்ட ஊர் ராம்பூர். அந்த ஊர் மடக்குக் கத்தி வட இந்தியாவெங்கும் பிரசித்தம். ஹிந்தி சினிமா வில்லன்கள் அதைச் சட்டென்று விரித்துக் காட்டிக் காட்டியே பாதிப் புகழைத் தேடிக் கொடுத்தார்கள். 1990-களில், நாலரை அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்தியைச் செய்யக் கூடாதென்று அந்த மாநில அரசு தடுத்தது. தொழில் நசித்துப் பட்டறைகள் பல மூடிக்கொண்டன. பிறகு 2023-ல் அதே ஊர்ச் சந்திப்பில் 20 அடி நீளத்துக்கு ஒரு கத்தியைச் செய்து நிறுத்தி, ஊர்ப் பெருமை என்று திறந்துவைத்தார்கள். மனிதன் பயந்து ஒதுக்கிய பொருளையே, அதனால் இனிக் குத்த முடியாது என்று தெரிந்ததும் சிலையாக வைத்துக் கொண்டாடுகிறான். இதில் கேலிக்கு இடமில்லை. ஆயுதத்துக்கு ஓய்வுதான் நல்ல கதி. பழைய ராம்பூர்க் கத்தி ஒன்று, சட்டத்துக்கு உட்பட்ட அளவில், யாரோ ஒரு முரடனுடைய இடுப்பை விட்டு என் பெட்டிக்கு வந்தால் உலகத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

உழைக்கிற கத்தியின் சங்கதி வேறு. அதன் குணமே அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1795-ல் லண்டனில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் ராயல் சொஸைட்டியில் இந்திய உருக்கைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் அனுப்பிய மாதிரிகள் அவை. நம்முடைய 'உக்கு' என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் 'வூட்ஸ்' ஆயிற்று என்பார்கள். அந்த உருக்கில் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தார். அது மிகச் சிறந்த எஃகுக் கத்திக்குச் சமமாக வெட்டியது என்று கட்டுரையில் பதிவாயிற்று. ஒரு நாட்டின் உருக்குக்கு நற்சாட்சி சொன்னது ஒரு சின்னப் பேனாக்கத்தியின் முனை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருந்தால் அது என்ன சாட்சி சொல்லியிருக்கும்?

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து ஒப்புக்கொள்வது எளிது. பேளுக்குறிச்சிச் சந்தையில்தான் எனக்கு விஷயம் கடினமாயிற்று.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. சனிக்கிழமைச் சந்தையில் மிளகும் சீரகமும் வெந்தயமும் கடுகும் மூட்டை மூட்டையாக வந்து குவியும். வருஷத்துக்கு வேண்டிய மளிகையைத் தை, மாசியில் ஒரேயடியாக வாங்கிப்போகிற குடும்பங்கள் உண்டு. அந்த ஊர் மலைக் கோயிலில் முருகன்கூட ராஜ அலங்காரப் பிரபுவாக இல்லை. கையில் சேவலோடு வேடன் கோலத்தில் நிற்கிறான். தெய்வமே அங்கே தொழில் உடையில்தான் இருக்கிறது.

மிளகு விற்கும் ஒரு பெரியவரின் இடுப்புக் கயிற்றில் அந்தக் கத்தி தொங்கியது. கொம்புப் பிடி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்து, பிறை மாதிரி வளைந்திருந்தது. அப்படி ஒரு தேய்மானத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனக்குக் கை பரபரத்தது. கேட்டேவிட்டேன்.

"இதையா? தேஞ்சு போனதுங்களே. புதுசே கெடைக்குமுங்க கடையில" என்றார்.

"எனக்கு இதுதான் வேண்டும். நல்ல விலை கொடுக்கிறேன்."

"வாங்கி என்னங்க பண்ணுவீங்க?"

"வைத்துக்கொள்வேன்."

"சும்மாவுங்களா?"

"சும்மாதான்."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "பாத்துக் குடுங்க" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து, கத்தியை வேட்டியில் துடைத்து என் கையில் வைத்தார். நான் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மாள் வந்து மிளகைக் காட்டச் சொன்னாள். புது மூட்டை, தையல் பிரிக்கவில்லை. பெரியவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. நான் கத்தியை நீட்டினேன். ஒரு கீறலில் சாக்குத் தையல் சரசரவென்று விட்டுப்போயிற்று. மிளகை அள்ளிக் காட்டினார், நிறுத்தார், காசு வாங்கினார். இடையிலேயே கத்தியை மடக்கி, பழைய கயிற்றில் பழைய முடிச்சைப் போட்டுவிட்டார். எங்கள் பேரம் அவர் நினைவில் இல்லை. நானும் நினைவூட்டவில்லை. கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "அவரே சம்மதித்துத்தானே கொடுத்தார்? புதுக் கத்தியும் வாங்கித் தந்து கையில் பணமும் கொடுத்திருந்தால் அவருக்கு லாபம்தானே?" என்றார். நியாயமான கேள்விதான். சந்தைக் கணக்கில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேரத்தில் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. அவர் விலை சொல்ல இருந்தது தேய்ந்த இரும்புக்கு. நான் ஆசைப்பட்டதோ அந்தத் தேய்மானத்துக்கு, அதாவது அவர் கை உழைத்த வருஷங்களுக்கு. அதற்கு ஒரு விலை உண்டு என்றே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவன் தெரியாதவனிடம் சம்மதம் வாங்குவது சட்டத்தில் செல்லலாம். மனசில் அவ்வளவு சுலபமாகச் செல்வதில்லை. அதற்கும் மேலே ஒன்று உண்டு. நான் வாங்கிய மறு நிமிஷமே அந்தத் தேய்மானம் நின்றுபோகும். எதற்காக அதை விரும்பினேனோ, அதை என் விருப்பமே முடித்துவைக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை அது. கொடுத்துப் பெயர் வாங்கியவன் மலையடியில் இப்படி எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக, ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். சேகரிப்பவனின் பெட்டி இரண்டு வகைக் கத்திகளுக்கு இடம் தரலாம். சும்மா இருப்பதே உலகத்துக்கு நல்லது என்ற கத்திக்கு அது சிறைச்சாலை. வேலை முடிந்துபோன கத்திக்கு அது பென்ஷன்காரர் வீடு. வேலையிலிருக்கும் கத்தியை மட்டும் அதில் கொண்டுவந்து அடைக்கக் கூடாது.

இந்த விதிப்படி பார்த்தால் இருபத்து நாலாவது இடத்துக்குத் தகுதியுள்ளது எங்கள் தமிழ்நாட்டுச் சரக்கு ஒன்றுதான்: மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று பழைய நாளில் எழுத்தாணியில் வகைகள் இருந்தன. ஓலையை வாருவதற்கான கத்தி வாரெழுத்தாணியின் கூடவே இருக்கும். மடக்கெழுத்தாணியோ பேனாக்கத்தி போலவே பிடிக்குள் மடங்கிவிடும். இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். பழைய சாமான் கடை ஒன்றில் பித்தளைப் பிடியோடு ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். கணக்கெழுதியதோ, பாட்டெழுதியதோ, அதன் வேலை முடிந்துவிட்டது. காகிதமும் அச்சும் வந்து அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. பேனா பிடிக்கிறவன் வீட்டில் அது ஓய்வெடுப்பதில் பொருத்தமும் இருக்கிறது.

ஆனால் விதி என்றால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். எழுத்தாணி உள்ளே வருவதற்கு முன், என்னிடமுள்ள 23-ல் இன்னும் உழைக்கக்கூடியவை வெளியே போக வேண்டும். எட்டாம் நம்பர் சமையலறைக்குப் போயிருக்கிறது. ஆறாம் நம்பர் என் பென்சிலைச் சீவுகிறது. இந்தக் கட்டுரையின் முதல் பிரதிகூட அது சீவிய பென்சிலால் எழுதியதுதான். மற்றவற்றில் சிலவற்றைத் தோட்டமும் தொழிலும் உள்ள சிநேகிதர்களுக்குக் கொடுக்கலாமென்று எடுத்துவைத்தேன். கொடுக்க மனம் வருவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாங்கும்போது ஒருநாளும் இவ்வளவு யோசித்ததில்லை.

வாசகர்களில் எத்தனை பேருக்குக் கத்திப் பைத்தியம் இருக்குமோ தெரியாது. ஆனால் பரண்மேல் ஏறி வருஷக்கணக்கில் இறங்காத பித்தளைப் பாத்திரமும், பீரோவில் மடிப்புக் கலையாத பட்டுப் புடவையும், பக்கம் வெட்டாத நாவல்களும் இல்லாத வீடு குறைவு. அடுத்ததாக எதை வாங்கலாம் என்ற யோசனை வரும்போது, இருப்பவற்றில் எது இன்னும் வேலைக்குக் காத்திருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்ப்பதில் செலவு ஒன்றும் இல்லை.