காட்டுவழி: உரிமையா, அனுமதியா?

உழைப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம்; ஓய்வைப் பற்றிப் பேசியது குறைவு. கூலி, வேலைநேரம், குடியிருப்பு ஆகியன அறத்தின்பாற்பட்ட பிரச்சினைகள் என ஏற்றுக்கொள்ளும் நம்மிற் பலர், விளையாட்டு என்று வந்தவுடன் அதனை அற்ப விஷயமென ஒதுக்கிவிடுகின்றனர். ஆயின், வேலை முடிந்தபின் எஞ்சும் பொழுதை ஒருவன் எங்கே கழிக்கலாம், எங்கே கழிக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா, நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் பழைய வினாவின் இன்னொரு வடிவமேயாகும். காடுகளில் மலைத் துவிச்சக்கர வண்டிகளுக்கென அமைக்கப்படும் வழிகளையும் பூங்காக்களையும் இந்நோக்கில் ஆராய்வோம். வேல்ஸ் நாட்டின் அனுபவம் இதற்குப் பெரிதும் உதவும்.

வேல்ஸின் வடமேற்கே, டோல்கெத்லாய் என்னும் சிற்றூரின் அருகில், கோய்ட் அ பிரெனின் என்றொரு காடு உண்டு. ‘அரசனின் காடு’ என்பது அப்பெயரின் பொருள். அரசனுக்கும் அக்காட்டின் உருவாக்கத்துக்கும் தொடர்பு சிறிதே. முதலாம் உலகப் போரின்போது மரத் தட்டுப்பாட்டால் இடர்ப்பட்ட பிரித்தானியா, 1919இல் வன ஆணைக்குழுவை நிறுவியது. அவ்வாணைக்குழு 1922 முதல் இங்கு நன்னாய் பண்ணையின் உடைமையாளரான வோன் குடும்பத்தாரிடமிருந்து நிலம் பெற்று மரம் வளர்க்கலாயிற்று. முதலில் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய காடு, 1935இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி இப்பெயரைப் பெற்றது. பிரபுவின் பெயர் போய் அரசனின் பெயர் வந்தது. மரங்களை நட்ட தொழிலாளரின் பெயர் எதிலும் இடம்பெறவில்லை.

1990களில், டாவித் டேவிஸ் என்பவரின் முன்முயற்சியால், இக்காட்டில் மலை வண்டிகளுக்கென வழிகள் வெட்டப்பட்டன. இத்தேவைக்கெனவே பிரித்தானியாவில் அமைந்த முதல் நிலையமாக இது போற்றப்படுகிறது. தொடக்ககால வழிகளுள் ஒன்று ‘றெட் புல்’ என்னும் பானத்தின் பெயரைத் தாங்கியது. பிற்காலத்தில் அது ‘டாரு’ என, காளையைக் குறிக்கும் வேல்ஸ் மொழிச் சொல்லால் வழங்கலாயிற்று. ஒரு காட்டின் பெயர்களைப் பார்த்தாலே அதன் உடைமை வரலாற்றை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

சக்கரம் உருண்டால் வழி தானே உண்டாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. சரிவில் நேராக இறங்கும் தடம் சில மழைகளிலேயே வாய்க்காலாகிவிடும். ஆகவே மலைப்பக்கத்தைக் குறுக்கே வெட்டித் திண்ணைபோல் தட்டையாக்குகின்றனர். வழியின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் அரைப்பங்கை மிஞ்சலாகாது; சராசரியில் 10 வீதத்துக்குள் அமைதல் நன்று என்பது இத்துறையினரின் பொது விதி. நீர் வழியோடு ஓடாது அதனைக் குறுக்கே கடந்து வடியும்படி வெளிப்புறத்தைச் சற்றுத் தாழ்த்துகின்றனர். ஈரமான இடங்களிற் கல் பாவுகின்றனர். கடினத்துக்கேற்பப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என வகுத்து அடையாளமிடுகின்றனர். இவ்வளவும் செய்தபின்னும், ஆண்டுதோறும் செப்பனிடாவிடின் மண் கரையும், வேர்கள் வெளிப்படும். இயற்கையின் கொடைபோலத் தோன்றும் இவ்வழி உண்மையில் மனித உழைப்பின் விளைவு. எனவே அதனை ஆளும் உரிமை பற்றிய வினாவும் தவிர்க்க முடியாதது.

பொதுக் காடுகளைப் பராமரிக்கும் பொறுப்பு 2013இல் வேல்ஸ் இயற்கை வளத் தாபனத்தின் கைக்கு வந்தது. நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி அத்தாபனம், 2025 மார்ச் முடிவுடன், கோய்ட் அ பிரெனின் உட்பட மூன்று வருகையாளர் நிலையங்களின் உணவகங்களையும் கடைகளையும் மூடியது. வழிகள் மூடப்படமாட்டா என்று அறிவித்தது உண்மையே. ஆயினும் அங்கு வேலை செய்தோரையும், குழந்தைகளோடு வந்து ஒரு கோப்பை தேநீருடன் இளைப்பாறிய குடும்பங்களையும், அவ்வருகையை நம்பியிருந்த அயலூர்களையும் கணக்கேட்டின் எந்தப் பக்கத்திற் பதிவது? வரவையும் செலவையும் ஒப்பிடுதல் நிருவாகத்துக்கு இன்றியமையாதது. ஆனால், வரவாக எதைக் கொள்வது, செலவாக எதைக் கொள்வது என்று தீர்மானிப்பது கணக்கியல் அன்று, அது அறவியல்.

தெற்கே மேர்தர் டிட்வில்லுக்குச் செல்வோம். 1831இல் தொழிலாளர் செங்கொடி உயர்த்திக் கிளர்ந்தெழுந்த ஊர் இது. இவ்வூரை அடுத்த கெதின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1862இல் நிகழ்ந்த வெடிப்பிலே 47 பேர் மாண்டனர். அதே கெதின் என்னும் பெயரைத் தாங்கிய பொதுக் காட்டில், 2013இல், ‘பைக் பார்க் வேல்ஸ்’ என்னும் தனியார் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே வண்டியையும் ஓட்டுநரையும் மோட்டார் வாகனங்கள் மலையுச்சிக்கு ஏற்றிச் செல்கின்றன. ஓட்டுநர் இறங்குவது மட்டுமே. அதற்குக் கட்டணம் உண்டு. இக்கம்பெனியைப் பழிப்பது நம் நோக்கமன்று. சுரங்கங்கள் மூடப்பட்ட பள்ளத்தாக்கில் அது வேலை தருகிறது. வழிகளையும் செவ்வனே பேணுகிறது. ஆனால் அங்கு நுழைபவன் குடிமகனாக அன்று, வாடிக்கையாளனாகவே நுழைகிறான். பணமில்லாத நாளில் அவனுக்கு அந்த மலை இல்லை.

இவ்விடத்தில் நியாயமானதொரு மறுப்பு எழும். நல்ல மலை வண்டியொன்றின் விலை ஆயிரக்கணக்கான பவுண். வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக்கு ஏழையின் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்? இம்மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும் இதன் தர்க்கத்தை இறுதிவரை கொண்டுசெல்வோமாயின், ஏழைக்கு எழுத்தறிவு குறைவாக இருந்த காலத்தில் நூல்நிலையங்களையும் மூடியிருக்க வேண்டும்! குறை வழியின் பொதுமையில் இல்லை. வண்டியும் ஓய்வும் பொதுவாகாமையிலேயே இருக்கிறது. துவிச்சக்கர வண்டி எப்போதும் செல்வரின் ஊர்தியாக மட்டுமே இருந்ததுமில்லை. 1894இல் பர்மிங்ஹாமில் சோஷலிஸ்டுகள் கிளாரியன் வண்டிக் கழகத்தை நிறுவினர். 1932 ஏப்ரல் 24இல், இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில், வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த நிலத்தினுள் நூற்றுக்கணக்கான தொழிலாளர் அத்துமீறி நடந்தனர். அவர்களின் முன்னணியில் நின்ற பென்னி றொத்மன் அன்று அங்கு வந்து சேர்ந்தது துவிச்சக்கர வண்டியிலேதான். அவரும் வேறு நால்வரும் சிறை சென்றனர்.

அப்போராட்டத்தின் வழிவந்த சட்டங்களை நோக்கினால் நம் வினாவின் உட்கிடை விளங்கும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் வண்டியோட்டும் உரிமையை வழங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வெளிகளில் உலவும் உரிமையை அளித்தது. ஆனால் அது கால்நடையாகச் செல்வோர்க்கு மட்டுமே. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ, பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன், வண்டியோட்டிகளுக்கும் அவ்வுரிமையை விரித்தது. ஆகவே வேல்ஸின் காட்டுவழிகளில் வண்டியோட்டுபவன் பெரும்பாலும் அனுமதியின்பேரிலேயே ஓட்டுகிறான். அனுமதி தருபவர் நல்லவராக இருக்கலாம், தாராளமாகவும் தரலாம். எனினும், கொடுத்த கையே அதை எடுத்துக்கொள்ளவும் முடியும். உரிமையோ கேட்டுப் பெறுவதன்று. பறிக்கப்படும்போது எதிர்த்து நிற்பதற்கு அடிப்படையாவது.

உரிமை என்பது கட்டின்மையன்று. ஈரமண்ணைக் குழப்பி, பறவை கூடு கட்டும் இடத்திற் புதுத்தடம் இழுத்து, நடந்துவரும் முதியவரை அச்சுறுத்தி ஓட்டுவது சுதந்திரமாகாது. காட்டைத் தனக்கு மட்டுமே உரியதெனக் கொண்ட பழைய பிரபுவின் மனப்பான்மையே அங்கு வேறு உருவில் வெளிப்படுகிறது.

இதற்கு ஒரு மாற்றுவழி வேல்ஸிலேயே தோன்றியிருக்கிறது. கற்பலகைச் சுரங்கங்களால் வாழ்ந்து, அவை நலிந்தபோது தானும் நலிந்த பிளைனாய் பெஸ்டினியோக் என்னும் ஊரில், மக்கள் தாமே ‘அன்டிர் ஸ்டினியோக்’ என்னும் சமூக நிறுவனத்தை அமைத்து, 2012இல் இறங்குவழிகளைத் திறந்தனர். அங்கும் கட்டணம் உண்டு. ஆயின், வரும் பணம் தொலைவிலுள்ள பங்குதாரரை நாடிச் செல்வதில்லை. இம்முயற்சியைப் போற்றும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஊரார் மண்வெட்டியுடன் முன்வரும்போது, அரசு அவர்களைப் புகழ்ந்துவிட்டுத் தன் கடமையினின்றும் நழுவுதல் எளிது. தொண்டு, கூலிக்கும் பொதுப்பணத்துக்கும் துணையாக நிற்கலாம். அவற்றின் இடத்தை நிரப்பலாகாது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது: பொதுநிலத்தில் பொது உழைப்பால் உருவான வழி, இலாபம் தரும்போது மட்டும் பொதுவாக இருந்தாற் போதாது. அதிற் செல்லும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதைப் பேணுவோருக்கு ஊதியமும், அயலில் வாழ்வோர்க்கு நிருவாகத்திற் குரலும் கிடைக்க வேண்டும். வண்டி வாங்க இயலாத பிள்ளைக்கு ஒரு நாளேனும் வண்டி இரவல் தரும் ஏற்பாடும் இருக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. எட்டு மணிநேர வேலைக்காகப் போராடியவர்கள், எஞ்சிய மணிகளை வேலிக்கு வெளியே நின்று கழிப்பதற்காகப் போராடவில்லை.