அமைதி முன்னேறுகிறது

1987 அக்டோபரில் நான் சென்னையில் ஒரு தமிழ்த் தினசரியில் இரவுப் பணியில் இருந்தேன். டெலிபிரிண்டரில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கித் தலைப்பு வைப்பது வேலை. அந்த மாதம் 10ஆம் தேதி சண்டை தொடங்கிய பிறகு ஓர் இரவு நான் வைத்த தலைப்பு: ‘யாழ்ப்பாணத்தை நோக்கி அமைதிப்படை முன்னேறுகிறது’. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஜூலை 29இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி போன படைக்கு அரசு வைத்த பெயர் இந்திய அமைதி காக்கும் படை. பத்திரிகைத் தமிழ் அதை ஒரே சொல்லாகச் சுருக்கியிருந்தது. அது முன்னேறியதும் நிஜம்.

நான் குடியிருந்த வீட்டு மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். மறுநாள் காலை பேப்பரும் கையுமாக இறங்கி வந்தார். “தம்பி, இது நீங்கள் போட்ட தலைப்போ?” ஆமாம் என்றேன். “அமைதி முன்னேறுது எண்டு போட்டிருக்கிறியள். எங்கட சனத்துக்குள்ளால எல்லோ முன்னேறுது?” கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பையனின் வாக்கியத்தைத் திருத்துகிறவர் மாதிரிதான் சொன்னார்.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அது மிகை. வருடக்கணக்கில் மறந்தும் போயிருக்கிறேன். 2009இல்தான் அந்தக் குரல் திரும்பி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரசியல் மொழி என்று ஆரம்பித்தால் நம்மவர்கள் உடனே ஆர்வெல்லைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள். 1946இல் அவர் எழுதிய கட்டுரை முக்கியமானதுதான். பாதுகாப்பற்ற கிராமங்கள் மீது குண்டு போடுவதற்கு ‘அமைதிப்படுத்தல்’ என்று பெயர் வைக்கப்படுவதை அவர் அப்போதே சுட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய சந்தேகம் பெரும்பாலும் நீண்ட லத்தீன் சொற்கள் மீதும் தேய்ந்துபோன தொடர்கள் மீதும்தான். எளிமையாக எழுதினால் பொய் தானே வெளுத்துவிடும் என்கிற ஒரு நம்பிக்கை அவரிடம் இருந்ததாக எனக்குப் படுகிறது. என்னால் அதைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. அமைதி, படை இரண்டும் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். வடமொழி இல்லை, ஜோடனை இல்லை, தனித்தமிழ்க்காரர்கள் மெச்சுவார்கள். அந்தத் தெளிவேதான் திரையாக இருந்தது. (தாக்குதலுக்கு வைத்த ‘பவன்’ என்ற பெயரை நாங்கள் மொழிபெயர்க்கவே இல்லை. பவன் என்றால் காற்று. ‘காற்று’ என்று தலைப்பில் போட்டிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து ஏதாவது தொடங்கியிருக்கலாம். 1994இல் மணிவண்ணன் ஓர் அயோக்கிய அரசியல்வாதியைப் பற்றிய படத்துக்கு ‘அமைதிப்படை’ என்று பெயர் வைத்தார். சிறுபத்திரிகைகளில் நாம் செய்திருக்க வேண்டிய விமர்சனம் அது.)

அதே அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் குறுக்குச் சூட்டில் சிக்கியவர்கள் என்பது படைத்தரப்பு விளக்கம். படையினர் உள்ளே வந்து சுட்டார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். ‘குறுக்குச் சூடு’ என்ற சொல்லில் துப்பாக்கி உண்டு, குண்டு உண்டு, விரல் மட்டும் கிடையாது. வானிலை அறிக்கைக்குரிய இலக்கணம் அது. நம் பத்திரிகைகளில் இதைவிடப் பழைய ஒரு சொல் இருக்கிறது: பலி. பஸ் கவிழ்ந்து 6 பேர் பலி, ஷெல் விழுந்து 20 பேர் பலி. பலி என்றால் யாரோ ஒருவன் ஏதோ ஒரு தெய்வத்துக்குக் கொடுப்பது. கொடுத்தவன் யார், வாங்கிக்கொண்ட தெய்வம் எது என்று நான் எழுதிய நூற்றுக்கணக்கான தலைப்புகளில் ஒன்றில்கூட எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

போருக்குப் பூப்பெயர் வைத்தவர்கள் நாம் என்பதும் ஞாபகம் வருகிறது. ஆநிரை கவர்தல் வெட்சி, படையெடுப்பு வஞ்சி, முற்றுகை உழிஞை. இதைப் பார்த்து முதலில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் உண்டாயிற்று — இடக்கரடக்கலில் நாம் உலகத்துக்கே முன்னோடிகள் என்று. பிறகுதான் கவனித்தேன்: தொல்காப்பியர் வஞ்சிக்குத் துறை வகுக்கும்போது எரிபரந்தெடுத்தல் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். பகைவர் நாட்டைக் கொளுத்துவது, பெயர் சொல்லி, பட்டியலில். புறநானூற்று ஏழாம் பாட்டில் கருங்குழல் ஆதனார் கரிகாலனைப் பாடும்போது ஊர் எரிகிற வெளிச்சமும் அதில் எழும் அழுகுரலும் அவன் முன்னாலேயே வைக்கப்படுகின்றன. புலவரை நான் ஞானியாக்கவில்லை. பரிசில் வாங்கப் போனவர்தான். ஆனாலும் வெற்றியைச் சொல்லும் அந்த வாக்கியத்துக்குள் அழுகிறவர்களுக்கும் இடம் இருந்திருக்கிறது. கரிகாலனுக்கு மறைக்க அவசியமில்லை, எரித்தது அவனுக்குப் பெருமை. இன்றைய அரசுக்கு மறைக்க வேண்டியிருக்கிறது. தெரிந்தால் நாம் சம்மதிக்க மாட்டோம் என்று அது இன்னும் பயப்படுகிறது போலும். அந்தப் பயத்துக்கு நாம் எவ்வளவு தூரம் தகுதியானவர்கள் என்பது வேறு விஷயம்.

2009 ஜனவரியில் இலங்கை அரசு வன்னியில் ஒரு வலயத்தை அறிவித்தது. பிப்ரவரியில் இரண்டாவது, மே மாதம் மூன்றாவது. ஆங்கிலத்தில் அதற்கு நோ ஃபயர் ஸோன் என்று பெயர், சுடாத பகுதி. சுடக்கூடாது என்பதால் சுடுகிறவன் ஒருவன் அதற்குள் மறைந்தாவது நிற்கிறான். தமிழில் நாம் அதைப் ‘பாதுகாப்பு வலயம்’ என்று எழுதினோம். சுடுகிறவன் போய்விட்டான், பாதுகாப்பு மட்டும் மிஞ்சிற்று. இங்கே சொல்லின் காரியமே மாறிவிடுகிறது. அமைதிப்படை என்ற சொல் ஒரு சம்பவத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களைத்தான் ஏமாற்றியது. வலயம் என்ற சொல்லையோ வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார்கள். குழந்தைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மக்கள் அதற்குள் நடந்து போனார்கள். மூன்று வலயங்களுக்குள்ளும் ஷெல் விழுந்தது என்றும், பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கக்கூடும் என்றும் ஐ.நா. செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதிற்று. அரசு இதற்கு வைத்திருந்த பெயர் மனிதாபிமான நடவடிக்கை. மிஞ்சியவர்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரை வவுனியாப் பக்கம் முள்வேலிக்குள் அடைத்து, நலன்புரி நிலையம் என்றது.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதே அறிக்கை, வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள், சிறுவர்களையும் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டுகளையும் நம்பத்தகுந்தவை என்று சொல்கிறது. அந்தப் பக்கத்துக்கும் சொற்கள் இருந்தன. எண்பதுகளில் இயக்கங்கள் விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டவர்களின் உடலில் ‘துரோகி’, ‘சமூக விரோதி’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டை ஒரு ரகம். அதை மறுப்பது சுலபம், அதன் அசிங்கம் வெளியே தெரிகிறது. எனக்குச் சங்கடமாக இருப்பது இன்னொன்று: இறந்த போராளியைப் புதைப்பதை ‘விதைத்தல்’ என்றார்கள். அழகான சொல். துக்கத்தில் இருந்த எத்தனையோ தாய்மார்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும், அதைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் விதை என்றால் முளைத்தாக வேண்டும். அடுத்த பிள்ளை வேண்டும் என்ற கோரிக்கை அந்த உருவகத்துக்குள்ளேயே இருக்கிறது. படிமத்தைக் கூறுபோட்டுப் பார்ப்பதில் நிபுணர்கள் என்று பேரெடுத்த நாம், சக கவிஞனின் வரியில் ஓர் உவமை பிசகினால் நாலு பக்கம் எழுதுகிற நாம், இந்த ஒரு படிமத்தை மட்டும் தொடவில்லை. அது கவிதை மாதிரி இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அரசின் சொல் அரசின் சொல்லாக வரும்போது நமக்குக் காது கூர்மையாகிறது. கவிதையாக வரும்போது நாம் ரசிகர்களாகிவிடுகிறோம்.

ஆசிரியர் அடுத்த வருடம் மகளோடு கனடா போய்விட்டார். அவர் திருத்தச் சொன்னதாக வைத்துக்கொண்டு சமீபத்தில் அந்தத் தலைப்பை மறுபடி எழுதிப் பார்த்தேன்: ‘யாழ்ப்பாணத்தை இந்திய ராணுவம் தாக்குகிறது’. எழுத்தெண்ணிப் பார்த்தேன். பழையதைவிட இரண்டு எழுத்து குறைவு.