பி.ஏ.வுக்கு யார் பொறுப்பு?

நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகச் செலவுப் படிக்கான விதிகள், உதவியாளரின் தகுதி பற்றி ஒரே ஒரு நிபந்தனைதான் வைக்கின்றன. அமர்த்தப்படுபவர்களில் ஒருவருக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று சான்று தர வேண்டியவரும் அந்த உறுப்பினரேதான். 2025இல் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த உயர்வின்படி இந்தப் படி மாதம் 75,000 ரூபாய். காகிதம், தபால் வகைக்கு 25,000. உதவியாளர் சம்பளத்துக்கு 50,000. சம்பளத்தை அவையின் செயலகமே நேராக உதவியாளருக்குக் கொடுத்துவிடும். ஆளைப் பிடிப்பது, வேலை வாங்குவது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் உறுப்பினரின் விருப்பம். மருமகனை வைத்துக்கொள்ளலாம், கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளரை வைத்துக்கொள்ளலாம், கல்லூரியிலிருந்து நேற்று வெளிவந்தவரையும் வைத்துக்கொள்ளலாம். பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கும் இவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? இவருக்கு யார் கடமைப்பட்டவர்?

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சதையும் எலும்பும் கிடைக்கும். அந்த ஊர் பழனி சட்டமன்றத் தொகுதியில், திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், 2024இல் 16 லட்சத்தை ஒட்டிய வாக்காளர்கள், ஒரே ஒரு எம்.பி. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் அவர் டெல்லியில் இருப்பார், இருக்கவும் வேண்டும். மலையிலிருந்து பேருந்தில் இறங்கி, அரைநாள் செலவழித்துத் திண்டுக்கல்லுக்கு வரும் ஒருவர் அன்றைக்குப் பார்க்கப்போவது பி.ஏ.வைத்தான். நாடாளுமன்றம் என்ற பெரிய சொல்லுக்கு அவர் கண்டிருக்கும் ஒரே முகம் அதுவாகவும் இருக்கலாம்.

அந்தப் பி.ஏ.வின் மேசைக்கு வருபவை பெரும்பாலும் சட்டம் இயற்றும் விஷயங்கள் அல்ல. ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக்கு ஒரு கடிதம். பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு கடிதம். 2022 வரை கேந்திரிய வித்யாலயா சேர்க்கையும் இருந்தது, ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்குப் பத்து இடம், கேட்பவர்களோ நூற்றுக்கணக்கில். எந்த மனு கட்டின் மேலே போகும், எது அடியில் கிடக்கும் என்பதை முடிவு செய்பவருக்குச் சின்ன அதிகாரம்தான். ஆனால் மனுக் கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய அதிகாரம் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த அதிகாரம் அறியாமையோடு சேர்ந்தால் என்ன நடக்கும்? பழனி மலையில் வாழும் பளியர் குடும்பம் ஒன்று, தலைமுறையாக இருந்துவரும் நிலத்துக்கு உரிமை வேண்டும் என்று மனுவோடு வருவதாக வைத்துக்கொள்வோம். எதுவும் சொல்லிக்கொடுக்கப்படாத உதவியாளர் நல்லெண்ணத்தோடு என்ன செய்வார்? லெட்டர்பேடில் ‘தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஆட்சியருக்கு ஒரு கடிதம் அடித்து, எம்.பி.யிடம் கையெழுத்து வாங்கி அனுப்புவார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். எல்லோரும் தத்தம் வேலையைச் செய்துவிட்டார்கள், அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒருநாள் உட்கார்ந்து படித்த உதவியாளராக இருந்தால், உரிமைக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தனிநபருக்கு ‘அ’ படிவம், சமூக உரிமைக்கு ‘ஆ’ படிவம், நிலம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். சிபாரிசுக் கடிதத்துக்குப் பதிலாகப் படிவத்தைக் கொடுத்து, எந்தச் சாட்சியத்தை இணைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

இன்னோர் உதாரணம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை மாசுப் புகாரால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்துக்கும் 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. இப்படிப்பட்ட விவகாரத்தை மக்களவையில் எழுப்ப வேண்டுமென்றால், எந்த அமைச்சகத்தைக் கேட்பது, சுற்றுச்சூழலா தொழிலாளர் நலமா என்பதிலேயே பாதி வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது. கேள்விக்குப் பதினைந்து முழுநாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு எழுத்துமூலம் பதில் பெறும் கேள்விகள் 230தான். நாடு முழுவதும் இருந்து வருபவற்றைக் குலுக்கலில் போட்டே எடுக்கிறார்கள். அப்படிக் கிடைத்த ஓர் இடத்தில் தளர்வாக எழுதப்பட்ட கேள்வி விழுந்தால், ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும். உதவியாளருக்குப் பயிற்சி கொடுப்பது அவருக்குச் செய்யும் சலுகை என்ற நினைப்பு இந்த இடத்தில் நிற்காது. பயிற்சி இல்லாததன் விலையை உறுப்பினரும் கொடுப்பதில்லை, உதவியாளரும் கொடுப்பதில்லை. மனுவோடு வந்தவர்தான் கொடுக்கிறார்.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அரசியல் நம்பிக்கையின் மேல் நடக்கும் தொழில். தேர்வாணையம் பொறுக்கி அனுப்பும் ஒருவரை எம்.பி.யின் அறையில் உட்கார வைத்தால், எதிர்க்கட்சி உறுப்பினரின் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பும் அரசின் காதுக்குப் போகாது என்று யார் உறுதி சொல்வது? இந்த அச்சம் பொய்யில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினரிடமே இருக்கத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குள் ஒப்பந்தம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும், எதுவும் கற்றுக்கொடுக்காமல் விடும் உரிமையும் தாமாக அடங்கிவிடா. பிரிட்டனில் உதவியாளரை எம்.பி.யே தேர்ந்தெடுக்கிறார். ஊதிய வரம்பையும் மாதிரி ஒப்பந்தத்தையும் 2009இல் உருவான சுதந்திர அமைப்பு ஒன்று வகுக்கிறது. ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றப் பணியிடங்களில் நடந்த அத்துமீறல்களைப் பற்றி 2021இல் ஓர் அறிக்கை வெளியானது. அதைத் தொடர்ந்து 2023இல் அந்தப் பணியிடங்களுக்கென்று தனி ஆதரவு அமைப்பு வந்தது. நம்பிக்கை அங்கெல்லாம் அழிந்துபோகவில்லை.

மேலும், வெறும் நம்பிக்கையின் மேல் மட்டும் நிற்கும் உறவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்தியாவிலேயே பழைய பாடம் இருக்கிறது. நேருவின் தனி உதவியாளராகப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்த எம்.ஓ. மத்தாய், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கு நடுவே 1959இல் விலகினார். அண்மைக்கு வந்தால், 2023 டிசம்பர் 8 அன்று மஹுவா மொய்த்ரா மக்களவையிலிருந்து நீக்கப்பட்டார். அவையில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். ஆனால் மக்களவை இணையதளத்தின் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்ததையும், கேள்விகளைத் தட்டச்சு செய்துதர ஆள் தேவைப்பட்டதையும் ஒப்புக்கொண்டார். அந்த வழக்கின் நியாய அநியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். உறுப்பினர் பெயரில் நடக்கும் வேலை எத்தனை கைகள் வழியாகப் போகிறது, அந்தக் கைகளுக்கு எந்த விதியும் பொருந்தவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

பயிற்சிக்கு ஏற்பாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு 2010 முதல் ‘லாம்ப்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகள் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் வரை டெல்லியில் ஆளுக்கு ஓர் எம்.பி.யோடு வேலை பார்க்கிறார்கள். உதவித்தொகையும் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மசோதாவுக்கு ஆங்கிலத்தில் ஆய்வுக் குறிப்பு எழுதுவதுதான் அதன் மையம். திண்டுக்கல் மேசையில் மனுக்களோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் வந்து சேர்வதில்லை.

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களுக்கென்றே 1984இல் தமிழ்நாடு அரசு நிறுவியது. அங்கிருந்து பட்டத்தோடு வெளியேறும் ஒரு பெண், விதி கேட்கும் கணினித் தகுதியை எப்போதோ தாண்டியவர். ஆனால் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே அவர் காதுக்கு வராது. லண்டனில் எம்.பி. அலுவலக வேலைகள் விளம்பரமாகின்றன. இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் தகவல் போகும். 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அவையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. அந்த இடங்களுக்கு வரப்போகிறவர்கள் நாடாளுமன்ற வேலையை எங்கே பழகுவார்கள்? இந்த மேசைகளைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரியவில்லை. எம்.பி. தனக்குப் பிடித்தவரையே எடுக்கட்டும். ஆனால் இடம் காலியாக இருப்பதை ஊருக்குச் சொல்லிவிட்டு எடுக்கட்டும். பொதுப் பணத்தைத் தொடுகிறவரிடம் இந்த அளவாவது கேட்கலாம்.

அந்தப் பெண் ஒருவேளை வேலைக்குச் சேர்ந்துவிட்டால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயமில்லை. புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். எம்.பி. அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். மாவட்டக் குழுவை அமைப்பது மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்த அதிகாரி. மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் ‘திஷா’ குழுவிலோ அதே நிர்வாகத்தின் தலைவரான ஆட்சியர், எம்.பி.யின் தலைமையின் கீழ் உறுப்பினர்-செயலராக உட்கார்ந்திருப்பார். புகார் கொடுக்க நினைப்பவர் இந்த இரண்டு நாற்காலிகளையும் ஒருமுறை மனத்தில் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். எடுக்காமல் போனால் அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

வள்ளுவர் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று தனி அதிகாரமே வைத்து, அதிகாரத்தின் அருகில் பிழைப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பத்துக் குறளில் எச்சரித்தார். அருகில் இருப்பவனுக்கு மன்னன் என்ன கடன்பட்டவன் என்று அந்த அதிகாரம் பேசவில்லை. நம் மரபில் உதவியாளரின் அறம் என்றாலே விசுவாசம் என்று ஆகிவிட்டதில் வியப்பில்லை. விசுவாசம் நல்ல குணம்தான். ஆனால் தகுதியில்லாத ஒருவருக்குச் சிபாரிசு எழுதச் சொல்லி எம்.பி.யே கேட்கும்போது, விசுவாசம் உதவியாளருக்கு ஒரு வழியைத்தான் காட்டும்.

‘இது சரிவராது ஐயா’ என்று சொல்லத் தைரியம் வேண்டும் என்பார்கள். தைரியத்தைவிட முதலில் வேண்டியது, மறுநாள் போய்ச் சேர வேறு இடம். கற்றுக்கொண்ட வேலைக்குச் சான்று இருந்து, இன்னொரு எம்.பி.யோ ஆய்வு நிறுவனமோ பத்திரிகையோ அதை மதிக்கும் நிலை இருந்தால், மறுப்பது சாதாரண மனிதராலும் முடிகிற காரியம் ஆகும். அந்த வழி இல்லாதவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது, வீரத்தை எதிர்பார்ப்பதாகிவிடும். மாதம் 50,000 ரூபாய்க்கு, அதுவும் இரண்டு மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்ளும் 50,000க்கு, வீரத்தைக் கேட்பது கொஞ்சம் அதிகம். அவை கலைந்ததும் உறுப்பினரின் படி நின்றுவிடும், அதோடு உதவியாளரின் வேலையும் போய்விடும். பிரிட்டனில் எம்.பி. தோற்றால் அவருடைய ஊழியர்களுக்கு வேலையிழப்புத் தொகை உண்டு. இங்கே தோற்ற உறுப்பினருக்கு மாதம் 31,000 ரூபாயிலிருந்து ஓய்வூதியம் தொடங்குகிறது. ஐந்து ஆண்டு அவருக்காகக் கேள்வி எழுதியவருக்கு அனுபவச் சான்றிதழ்கூட அந்த உறுப்பினர் மனம் வைத்தால்தான் கிடைக்கும். அந்தச் சான்றிதழை மக்களவைச் செயலகம் கொடுக்கலாம். சம்பளம் போகும் வங்கிக் கணக்கு எது என்பது செயலகத்துக்கு ஏற்கெனவே தெரியும்.